தோன்றியதை வாசிக்கச் சொன்னார்கள்

என் பைப்பின் சீவாளி அந்தப் பங்குனியில் விரிசல் விடாமல் இருந்திருந்தால், நான் அந்தப் பங்களாவின் படியை மிதித்தே இருக்க மாட்டேன். இதை என் மனைவியிடம் எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தரமும் அவள் "ம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். "ம்" என்பதற்கு என்ன பதில் சொல்வது?

பைப்பு என்றால் தண்ணீர்ப் பைப்பு இல்லை. எங்கள் மலையின் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் புதிதாகக் கடை போட்ட ஒருவர், யாரோ என்னைப் பைப்புக்காரர் என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, ஒழுகுகிற குழாயைப் பார்க்க வரச் சொன்னார். நானும் போய் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுத்துப் பேசினால் என்ன நினைப்பாரோ என்கிற பயம். என் சுபாவம் அப்படி. நான் ஊதுவது பேக்பைப். கக்கத்தில் இடுக்கிக்கொள்ள ஒரு தோல் பை, அதற்குக் காற்று ஊத ஒரு குழல், விரல் வைத்து வாசிக்க ஒன்பதே சுரம் பேசும் இன்னொரு குழல், தோள்மேல் சாய்ந்து கிடக்க மூன்று ஒத்துக் குழல்கள். நாயனக்காரர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருப்பார் இல்லையா, அந்த வேலையை இதில் அந்த மூன்று குழலும் பார்த்துக்கொள்ளும். பையில் காற்று இருக்கிறவரை அவை ஓயாது. பாட்டு நின்றாலும் அவை நிற்காது. வேண்டிய இடத்தில் சட்டென்று மௌனமாக இந்த வாத்தியத்தால் முடியாது. இது எனக்கு எத்தனை பெரிய வினை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இது ஸ்காட்லாந்துக்காரர்களின் வாத்தியம். மலைக்கு வருகிறவர்கள் என் கையில் இதைப் பார்த்தால், "அந்தக் காலத்துத் தொரைமார் உட்டுட்டுப் போனதுங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். இல்லை. என் மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் பேண்டு வாசித்தவர். வடக்கே செய்த வாத்தியம் இது. ரயிலில், அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கம்பளிகளுக்கு நடுவே சுருண்டு வந்தது. வந்த இரண்டாம் வருஷம் மச்சானுக்கு இரைப்பு வந்துவிட்டது. "மூச்சு உனக்கு, குச்சி எனக்கு மாப்ள" என்று பைப்பை என்னிடம் தள்ளிவிட்டு அவர் டிரம்முக்குப் போய்விட்டார். நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில், பழத்தோல் உரிக்கும் பல்ப்பிங் ஷெட்டில் எனக்கு வேலை. நாள் முழுக்க மெஷின் சத்தம். ஒத்துக் குழல் சத்தம் எனக்கு மட்டும் தொந்தரவாகத் தெரியாததற்கு அதுதான் காரணம் என்று மச்சான் சொல்வார்.

எனக்கு நாலு பாட்டுத் தெரியும். நாலும் மச்சான் பட்டாளத்தில் படித்த ஸ்காட்லாந்துப் பாட்டுகள். ஒன்று மாரியம்மன் பண்டிகைக்கு. ஒன்று மாப்பிள்ளை அழைப்புக்கு. ஒன்று பெரிய மனிதர்கள் யாராவது ஜீப்பில் வந்து இறங்கினால் வாசிப்பதற்கு. நம் டிரம், பம்பை அடிகளோடு சேர்ந்து சேர்ந்து அவற்றின் நடையே மாறிப்போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் தங்கள் பாட்டு என்று அடையாளம் கண்டுகொள்வார்களா என்பதே சந்தேகம். நாலாவது, கடைசி வளைவுப் பாட்டு.

எங்கள் எஸ்டேட்டுகளில் ஒரு சாவு விழுந்தால், சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் கடைசி வளைவு வரை எல்லா வாத்தியமும் போகும். வளைவில் டிரம் நின்றுவிடும். அங்கிருந்து பைப்பு மட்டும். அந்தப் பாட்டுக் காதில் விழுந்தால் எதிர்ச் சரிவில் வேலை செய்கிறவர்கள்கூடக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் வருகிற பக்கம் பார்த்து நிற்பார்கள். ஆண்கள் தலைத் துண்டை எடுத்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் "யாருங்க?" என்று கேட்பார். யார் என்று தெரிந்தாலும் கேட்பார்கள். அது வழக்கமாகிவிட்டது. இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்த பாட்டைப் பாதியில் விடக் கூடாது. விட்டால் மீதிப் பாட்டு இன்னொரு சாவைக் கேட்கும் என்பார்கள். இதையெல்லாம் யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நானும் மச்சானும் ஊத ஆரம்பித்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் வழக்கம் மட்டும் எங்களை விடப் பழையது மாதிரி நின்றுவிட்டது.

அந்த வருஷம் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கும் வேலையும் எழுதிப் பழகிய, எதையும் இரண்டு தரம் யோசித்துச் செய்கிற மனிதர். இத்தனை வருஷமாக ஊரார் பெண்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடந்தவன் நான். என் பெண்ணின் கல்யாணத்தில் ஊத வேண்டும். என் ஆசை அது ஒன்றுதான். நிச்சயம் செய்த அன்று அவளும், "அப்பா, நீங்க ஊதுனாத்தான் மணவறைக்கு வருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்போதுதான் சீவாளி விரிசல் விட்டது. வாசிக்கும் குழலில் செருகி, காற்றில் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற நாணல் நாக்கு. நூல் சுற்றிப் பார்த்தேன், மெழுகு வைத்துப் பார்த்தேன். மேல் சுரம் வரும்போதெல்லாம் சளி பிடித்த கோழி மாதிரிக் கத்தியது. வடக்கே கடிதம் போட்டால் பதில் வர மாசக்கணக்கில் ஆகும். நாயனத்துச் சீவாளி இதற்கு ஆகாது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மேல் சுரத்தைத் தொடாமல் மாப்பிள்ளை அழைப்பை வாசிக்க முடியுமா என்று விரலாலேயே சோற்றுத் தட்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில், மஞ்சக்குட்டை ரோட்டுப் பங்களாவில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மா வந்து தங்கியிருக்கிறார், அவரிடம் ஒரு தகர டப்பா நிறையச் சீவாளி இருக்கிறது என்று மச்சான் கேட்டுவந்து சொன்னார். அந்த அம்மா வாசிப்பது பிடில். தன் ஊர்ப் பாட்டுகளை உலகத்தின் மற்ற இசைகளோடு கலந்து வாசித்துப் பதிவு செய்வது அவர் தொழில். எங்கெங்கே பேக்பைப் ஊதுகிறார்களோ அங்கெல்லாம் போவாராம். அங்கே ஊதுகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் அந்த டப்பா. கூடவே பெங்களூரிலிருந்து சாக்ஸபோன் வாசிக்கிற ஒருவர் வந்திருந்தார். அவர் வாசிப்பது ஜாஸ். தமிழ் பேசுவார். அந்த அம்மா சொல்வதை எங்களுக்குச் சொல்வது அவர்தான்.

ஒரு சீவாளிக்காகத்தான் போனேன். கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

புதுச் சீவாளியைப் போட்டுத் தந்தார்கள். ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று பாட்டை வாசித்தேன். என்ன சத்தம் அது. என் பைப்பிலிருந்துதான் வருகிறதா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த அம்மா இன்னும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மச்சான், "இன்னொண்ணு இருக்குதுங்க. ஆனா அது ஊட்டுல வாசிக்கற பாட்டு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்காமல் முணுமுணுத்தும் காட்டிவிட்டார். மனிதருக்குப் பேண்டு நினைப்பு வந்தால் வேறு எதுவும் தெரியாது.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே பிடிலில் எடுத்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றேன் பெங்களூர்க்காரரிடம்.

"ஏண்ணா?"

"அது சாவுப் பாட்டுங்க. எங்க ஊட்டுல கல்யாணம் வெச்சிருக்கறோம்."

அவர் அந்த அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா ஆச்சரியமாக என்னவோ சொல்லிக் கையைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார்.

"அவங்க ஊர்ல இது தாலாட்டாம்ணா. கொழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு" என்றார் பெங்களூர்க்காரர். "அதே மெட்டு உங்க ஊர்ல சாவுக்கு. இதை வெச்சே பெரிய பீஸ் ஒண்ணு பண்ணலாங்கறாங்க."

"வேற எத வேணாலும் வாசிக்கறனுங்க. இது ஆகாதுங்க."

சரி என்று ஒத்துக்கொண்டார்கள். முகம் வாடிப்போய்தான் ஒத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. கொடுத்த சீவாளியைத் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் பயம். மாப்பிள்ளை அழைப்புப் பாட்டை அவர்களோடு சேர்ந்து வாசிப்பதாகச் சொல்லிவிட்டேன். சித்திரைக் கடைசியில், பங்களாவை ஒட்டிய காபி காயப்போடும் களத்தில், எஸ்டேட் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்து, அதை அப்படியே பதிவு செய்வதாகப் பேச்சு.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்ட மட்டும் வாயில வெக்க மாட்டன்னு சொல்லுங்க."

"அதான் சொல்லிப்போட்டு வந்துட்டனே."

"அவங்ககிட்டச் சொன்னது இருக்கட்டும். எங்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். புளிக்கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள் அந்த வாக்கை.

ஒத்திகை ஆரம்பித்த பிறகுதான் அடுத்த தலைவலி. பாட்டின் நடுவில் ஒரு இடம். பிடிலும் டிரம்மும் அடங்கிவிடும். சாக்ஸபோனும் பைப்பும் மட்டும்.

"நான் ஒரு கேள்வி கேக்கற மாதிரி வாசிப்பேன். நீங்க பதில் சொல்ற மாதிரி வாசிங்க" என்றார் பெங்களூர்க்காரர்.

"என்ன பதிலுங்க?"

"அது உங்க இஷ்டம்ணா. தோணுறத வாசிங்க."

எனக்கு என்ன தோன்றும்? கல்யாணத்துக்கு மழை வருமா என்று தோன்றும். சம்பந்தி வீட்டார் பந்தியில் குறை சொல்வார்களோ என்று தோன்றும். ஊர்க்கோடியில் நாய் குரைத்தால் நம் வீட்டுக்குத்தான் யாரோ கெட்ட சேதி கொண்டுவருகிறார்கள் என்று தோன்றும். சுரம் தோன்றியதே கிடையாது. ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இதனால்தான். பத்துக் கேள்விக்கும் பதிலை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போவேன். வாத்தியார் ஏழாவது கேள்வியை முதலில் கேட்பார். நான் முதல் கேள்வியின் பதிலைச் சொல்வேன். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்பா கூடையைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஒத்திகையில் அவர் கேள்வி கேட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் ஒத்துக் குழல்கள் மட்டும் ரீங்காரம் போட்டன. ஆறு தரம் கேட்டார், விரல் அசையவில்லை. "பரவால்லண்ணா, ஃப்ரீயா விடுங்க" என்றார். இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஃப்ரீயாக விடத் தெரிந்தவனிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை.

ஆனால் ஒத்திகையைக் கேசட்டில் பிடித்திருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போனேன். அங்கே பாய் ஒருவர் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சேலத்துக்காரர். எங்கள் பேண்டு எங்கே போனாலும் கடை வாசலில் நின்று கேட்கிறவர். வேலை முடிந்து தினமும் அவர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, சாக்ஸபோன் கேட்ட ஆறு கேள்வியையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கட்டினேன். ஒரு பதிலுக்கு இரண்டு நாள். ஆறு பதிலையும் வரிசையாக நெட்டுருப் போட்டேன். நடுவில் இரண்டாவது ஒத்திகை வந்தபோது இரண்டு பதில்தான் தயாராக இருந்தது. அதனால் இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி, அவரை மட்டும் வாசிக்க விட்டுத் தப்பித்துக்கொண்டேன். அந்த ஒத்திகைக் கேசட்டையும் பாய் போட்டுப் பார்த்தார்.

"ஏங்க, இதுல வேற மாதிரியில்ல ஊதறாரு?" என்றார்.

எனக்கும் கேட்டது. வேறு மாதிரிதான். ஒரு கேள்விகூடப் பழைய கேள்வி மாதிரி இல்லை.

"அது தப்பா வாசிச்சுட்டாருங்க பாய். குளிருல வெரல் ஓடியிருக்காது."

"தப்பு மாதிரித் தெரியலீங்களே. நல்லாத்தான இருக்குது?"

"பெரிய ஆளுக தப்பா வாசிச்சாலும் நல்லாத்தானுங்க இருக்கும். நம்ம எதுக்கு அவருகிட்டப் போயிச் சொல்லிச் சங்கடப்படுத்தறது? மொதக் கேசட்டுத்தான் சரியானது."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்கு ஆள் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த ஆள் வராமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது ஒத்திகை நடக்கவில்லை. பதிவு செய்யும் கருவி எடுத்துவர இருவரும் பெங்களூர் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் கவலையில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கவலையில்லை. ஆறு கேள்வி, ஆறு பதில். ஷெட்டில் மெஷினைத் துடைத்துக்கொண்டே அவற்றை வாயால் சொல்லிப் பார்ப்பேன். இந்த மனிதன் நன்றாகத்தான் இருக்கிறானா என்று கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள்.

பதிவு நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். வெயில் இருந்தது, மேற்கே மட்டும் லேசாக மூட்டம். களத்தில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுச் சனம் மொத்தமும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நாற்காலி. அதில் சம்பந்தி, அவர் மனைவி, மாப்பிள்ளை. நான்தான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் என் வாசிப்பைக் கேட்கட்டும் என்று ஆசையாகக் கூப்பிட்டேன். என் மனைவியும் மகளும் பெண்கள் பக்கம்.

மாப்பிள்ளை அழைப்பு நன்றாக ஏறியது. பிடில் மேலே துள்ளிக்கொண்டு போனது. மச்சான் குச்சியைப் பம்பை அடியில் புரட்டினார். சாக்ஸபோன் அடியில் ஒரு சால் ஓட்டிக்கொண்டு வந்தது. சம்பந்தியின் கால் தாளம் போட்டதைப் பார்த்தேன். பார்த்து, மூச்சை இன்னும் நிறைய எடுத்தேன்.

அந்த இடம் வந்தது. பிடிலும் டிரம்மும் அடங்கின. சாக்ஸபோன் முதல் கேள்வியைக் கேட்டது.

அந்தக் கேள்வி என்னிடம் இல்லை.

நான் என் முதல் பதிலை வாசித்தேன். வேறு என்ன செய்ய? அவர் புருவத்தைத் தூக்கிச் சிரித்துவிட்டு இரண்டாவது கேள்வி கேட்டார். அதுவும் இல்லை. இரண்டாவது பதிலை வாசித்தேன். ஊருக்கு எப்போது போகிறாய் என்றால் கத்திரிக்காய் வாங்கினேன் என்கிற மாதிரி இருந்தது. மூன்றாவதில் என் விரல் வியர்வையில் வழுக்கித் தடுமாறியது. அவருக்கும் ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர். எனக்கு இடம் கொடுக்கிறாராம். சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையை என் பக்கம் நீட்டிவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

முந்நூறு பேர் இருந்த களத்தில் என் ஒத்துக் குழல்கள் மட்டும். வேறு எந்த வாத்தியமாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு இருமியிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். பை கக்கத்தில் உப்பிக்கொண்டு நிற்கிறது. அது நிற்க விடாது. டிரம் இல்லை. ஒத்து மட்டும் ஓடுகிறது. அடுத்து நான்தான் வாசிக்க வேண்டும். டிரம் நின்று பைப்பு மட்டும் தனியாக வாசிக்கிற இடம் என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

நான் என்ன வாசிக்கிறேன் என்பது எனக்குக் காதால் தெரியவில்லை. கண்ணால்தான் தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். வரிசை வரிசையாக முன்வரிசை வரை எழுந்து நின்றார்கள். ஆண்கள் தலைத் துண்டை எடுத்தார்கள். ஒரு பெண் குரல், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, வழக்கப்படி கேட்டது.

"யாருங்க?"

சம்பந்தியும் எழுந்து நின்றார். அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தானே, கால் தானாக எழுந்துவிட்டது. என் மகள் உட்கார்ந்தே இருந்தாள். என் மனைவி அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள், எழுந்துவிடாமல்.

நிறுத்தலாம். ஆனால் எடுத்ததைப் பாதியில் விட்டால்? என் மகள் எதிரில் இருக்கும்போது மீதிப் பாட்டை யாருக்கு என்று வைத்துவிட்டுப் போவது? கண்ணில் நீர் முட்ட முழுவதையும் வாசித்தேன். நடுவில் அந்த அம்மா பிடிலை எடுத்து எனக்குக் கீழ்ச் சுரத்தில் அதே மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். தாலாட்டு. சாக்ஸபோனும் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. நான் ஒருவன் எரிந்துகொண்டிருக்கிறேன், என் இரண்டு பக்கத்திலும் தொட்டில் கட்டி ஆட்டினார்கள். கடைசியில் பை வடிந்து, காற்று தீரும்போது எழுகிற முனகலோடு அடங்கியது.

ஒருவரும் கை தட்டவில்லை. அந்தப் பாட்டுக்கு யார் கை தட்டுவார்கள்? சனம் மொத்தமும் நின்றது. அந்த அம்மா அழுதுகொண்டே வந்து மச்சானைக் கட்டிக்கொண்டார். "ஜனங்க எழுந்து நின்னு மரியாதை செஞ்சாங்க. இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லைங்கறாங்க" என்றார் பெங்களூர்க்காரர். "தோணுறத வாசிங்கன்னேன். கடைசில வாசிச்சுட்டீங்க பாருங்கண்ணா." டப்பாவோடு அத்தனை சீவாளியையும் என் கையில் வைத்துவிட்டார்கள். எதை எடுத்துச் சொல்வது, யாரிடம் ஆரம்பிப்பது?

டீ கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டார் குடிக்காமல் ஜீப் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சம்பந்தி வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். டீ டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. புள்ளையப் புடிச்சுத்தான் பேசுனோம். பேசுனது பேசுனதுதான்."

"தவறிப் போச்சுங்க. வேணும்னு வாசிக்கலீங்க."

"தெரியுதுங்க. வேணும்னு யாராச்சும் வாசிப்பாங்களா? ஊட்டுல பொம்பளைக நொம்பப் பயந்து போயிட்டாங்க. ராவெல்லாம் வெளக்கு அணைக்கல. அதுக்காக ஒண்ணு மட்டுங் கேக்கறன்."

"சொல்லுங்க."

"கல்யாணத்தன்னிக்கு அந்தப் பைப்ப வெளியில எடுக்காதீங்க. சேலத்துல இருந்து பேண்டு நாங்களே சொல்லிக்கறோம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் கதவு மறைவில் நிற்கிறாள் என்று தெரிந்தது. நான் ஊதினால்தான் மணவறைக்கு வருவேன் என்றவள். அவள் ஏதாவது சொல்வாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் தயாராக இல்லை.

"சரிங்க" என்றேன்.

அவர் போன பிறகு மகள் வந்து டீ டம்ளரை எடுத்தாள். "உடுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். மனைவியிடம், சீவாளியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "ம்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மழை வரவில்லை. பந்தியில் யாரும் குறை சொல்லவில்லை. நான் கவலைப்பட்டது எதுவுமே நடக்கவில்லை. சேலத்துப் பேண்டு சிவப்புச் சட்டையும் ஜரிகைத் தொப்பியுமாக வந்து சினிமாப் பாட்டு வாசித்தது. கிளாரினெட் அரைச் சுரம் இறங்கி இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் நான் வெறுங்கையோடு நடந்தேன். இடது கக்கத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையை உடம்போடு ஒட்டி வைத்தால் பை இல்லாதது தெரிகிறது. தள்ளி வைத்தால் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது. சேலத்துக்காரர்கள் மச்சானை அடையாளம் கண்டு ஒரு டிரம்மைக் கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நீங்களாச்சும் அடிங்க மச்சான்" என்றேன்.

"அன்னிக்கு வளைவுல நிறுத்தற மாதிரி நானும் நிறுத்திப்போட்டு நின்னனே மாப்ள" என்றார். "ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா நீ வேற பாட்டுக்குப் போயிருப்ப."

இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு அதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் கேசட் வந்தது. பாய் கடையில் போட்டுக் கேட்டோம். மேலட்டையில் இருந்த இங்கிலீஷை பாய் படித்துச் சொன்னார். அந்தப் பாட்டுக்குத் தாலாட்டு என்று பேர் போட்டிருந்தார்கள். என் பேருக்குப் பக்கத்தில் ஏதோ புகழ்ந்து எழுதியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒத்தும் பிடிலும் சாக்ஸபோனும் ஒன்றோடொன்று இழைந்து, இது எந்த ஊர் இசை என்று சொல்ல முடியாமல் போனது. நடுவில் அந்தக் குரலும் விழுந்திருந்தது. "யாருங்க?" அதை வெட்டாமல் வைத்திருந்தார்கள். பாய் டேப்பை அணைத்துவிட்டார். நான் கேசட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

மகள் நன்றாக இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். ஆனால் அவர்களில் யாருக்காவது காய்ச்சல் என்று சேதி வந்தால், சேதியைக் கேட்டு முடித்ததும் என் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது. கூப்பிட்டாலும், "டிரம் மட்டும் போதுமுங்க" என்பார்கள். சாவுக்கு மட்டும் தவறாமல் ஆள் வரும். டப்பா நிறைய நல்ல சீவாளி. எல்லாம் சாவுக்கே ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாக்ஸபோன் கேள்விகள் என்னை விடவில்லை. ஒத்திகைக் கேசட்டில் இருந்த கேள்விகள் இல்லை, களத்தில் கேட்ட மூன்று. வந்த கேசட்டில் அவற்றை வெட்டியிருந்தார்கள். ஒரே தரம்தான் கேட்டேன், மறக்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில் நாலு வருஷம் கழித்து, மெஷினுக்கு எண்ணெய் விடும்போது தோன்றியது. இரண்டாவதற்கு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது. மூன்றாவதற்கு, போன வாரம். ஐந்தே சுரம். மேல் சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. அவ்வளவு சுலபம்.

பைப்பில் வாசித்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து, பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். காற்றை ஊதவில்லை. ஒத்து எழுந்தாலே போதும், கீழ் லைனில் யாராவது கூடையை வைத்துவிட்டு எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள், யாருங்க என்று.